அம்மா எழும்வரைக்கும்

மாணவி மிருதுளாவின் காரியம் முடிந்த அடுத்த வாரம், அவளுடைய டேப்லெட்டில் இருப்பதை அழித்து வைக்கும்படி வசுமதி டீச்சருக்குச் செய்தி வந்தது. பிள்ளைகள் ஊர் மாறிப் போகும்போதும் இதே செய்திதான் வரும். எதற்காக அழிக்கிறோம் என்பதைத் தொடச் சொல்லித் திரையில் சில வரிகள் நின்றன. பள்ளி மாற்றம், இடப்பெயர்ச்சி, நீண்ட விடுப்பு. இறப்பு என்று ஒன்று இல்லை. 'மற்றவை' என்ற வரிவரைக்கும் விரலைக் கொண்டுபோனவள், தொடாமலேயே எடுத்துக்கொண்டாள்.

திருப்பூரைத் தாண்டி, நூல் மில்களுக்கு நடுவில் இருந்த தொடக்கப் பள்ளி அது. ஐந்தாம் வகுப்புக்கு வசுமதிதான் எல்லாப் பாடமும். கோடிங் பாடம் வந்தபோது, இந்த வயதுக்கு மேல் இதையெல்லாம் எப்படி நடத்துவது என்று பயந்தாள். போகப்போக அவளுக்கு ரொம்பப் பிடித்த பாடமே அதுதான் என்றானது. காரணம் குட்டி.

ஒவ்வொரு பிள்ளையின் டேப்லெட்டிலும் குட்டி என்றொரு திரைப் பொம்மை இருந்தது. அதற்கு ஒன்றும் தெரியாது, பேசவும் வராது. பிள்ளைகள்தான் வண்ணக் கட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி அதற்கு வேலை கற்றுக்கொடுக்க வேண்டும். 'தண்ணீர் கொண்டு வா' என்று மட்டும் சொன்னால் திருதிருவென்று விழிக்கும். டம்ளரை எடு, குடத்துக்குப் போ, மூடியைத் திற, மொண்டுகொள் என்று உடைத்து உடைத்துச் சொன்னால் செய்யும். மூடியைத் திறக்கச் சொல்ல மறந்துவிட்டால் மூடியின் மேலேயே மொள்ளும். வகுப்பே சிரிக்கும். சிரித்து முடித்த பிறகு, எந்த வரியில் கோளாறு என்று தேடுவார்கள். பெரிய வேலையைச் சின்ன வேலைகளாக உடைப்பது, ஒரே மாதிரி வருவதை 'திரும்பச் செய்' என்று ஒரு கட்டையில் அடக்குவது, 'இப்படி இருந்தால்' என்று நிபந்தனை வைப்பது, தப்பு வந்தால் அழாமல் உட்கார்ந்து பார்ப்பது. பாடம் அவ்வளவுதான். இப்படிக் கொடுக்கும் ஒவ்வொரு வேலைக்கும் வகுப்பில் கணக்கு என்று பெயர்.

குட்டி வளரவும் செய்தது. ஒரு பிள்ளை கணக்கை எந்தப் பக்கமிருந்து தொடுகிறது, எங்கே தயங்குகிறது, எதை மறக்கிறது என்பதையெல்லாம் பழகிக்கொண்டே வரும். அரைப் பரீட்சை நெருங்கும்போது புதுக் கணக்கு ஒன்றைக் கொடுத்தால், பிள்ளை கை வைப்பதற்கு முன்பே குட்டி தானாக அடுக்கிக் காட்டும். அநேகமாக அந்தப் பிள்ளை அடுக்குவது போலவே இருக்கும்.

மிருதுளா எதையும் கடைசியிலிருந்துதான் தொடங்குவாள். எறும்பைச் சர்க்கரைக்குக் கூட்டிப்போகச் சொன்னால், சர்க்கரையில் விரலை வைத்துக்கொண்டு எறும்புவரை பின்னோக்கி வருவாள். அவளுக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. கதவைத் திறப்பதோ, பாத்திரம் கழுவுவதோ, எதைச் சொன்னாலும் நடுவில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு நிபந்தனைக் கட்டையைச் செருகிவிடுவாள். 'அம்மா தூங்குகிறாளா?'

"கதவு திறக்கறதுக்கும் அம்மா தூங்கறதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று வசுமதி ஒருநாள் கேட்டாள்.

"எங்க கதவு சத்தம் போடும் டீச்சர். எங்கம்மா மில்லுல நைட் ஷிப்ட்டு. பகல்லதான் தூங்குவாங்க."

வசுமதி அவளை எழுந்து நிற்கச் சொல்லி, வகுப்பைப் பார்த்து, "பாத்தீங்களா, வேலையை மட்டும் பாக்காம சுத்தி இருக்கறதையும் பாக்கறா. இப்படித்தான் யோசிக்கணும்" என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். அதன்பிறகு மிருதுளா அந்த நிபந்தனையை ஒரு தடவைகூட விட்டதில்லை.

ஐப்பசி மழையில் ஊரெங்கும் காய்ச்சல் வந்தது. மிருதுளாவுக்கும் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்றார்கள்.

அழிக்கச் சொன்ன செய்தியை மூடிவிட்டு, வசுமதி அன்றைய கணக்கை மிருதுளாவின் குட்டியிடம் கொடுத்துப் பார்த்தாள். ஏன் கொடுத்தாள் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றும் கணக்கு. கொஞ்ச நேரம் திரை சும்மா இருந்தது. பிறகு அடியில் ஒரு கட்டை வந்து உட்கார்ந்தது. 'வாளியைக் கவிழ்த்து வை.' அதற்கு மேல் ஒன்று. அதற்கும் மேல் ஒன்று. கடைசி வரியிலிருந்து முதல் வரிக்கு ஏறிக்கொண்டே வந்து, குழாயைத் திறப்பதற்கு முந்திய இடத்தில் அந்த ஆரஞ்சுக் கட்டை நுழைந்தது. 'அம்மா தூங்குகிறாளா?'

வசுமதி டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தாள். வகுப்பில் பிள்ளைகள் மும்முரமாக இருந்தார்கள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மாதம் ஒருமுறை பள்ளிகளுக்கு வந்து இந்தக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் பயிற்றுநர் இர்ஷாத்திடம் அவள் கேட்டாள். "தம்பி, அதுக்கு அவளை ஞாபகம் இருக்கா?"

"இல்ல மேடம். அதுக்கு எந்த ஞாபகமும் கிடையாது. பாப்பா எப்படி யோசிக்கும்ங்கற பழக்கம் மட்டும்தான் அதுல இருக்கு. கை போன பிறகு கையெழுத்து மட்டும் இருக்கற மாதிரின்னு வச்சுக்கங்களேன்."

"அழிக்க மனசு வரலை."

இர்ஷாத் தன் கருவியில் தேதியைப் பார்த்தான். "முழுப் பரீட்சை வரைக்கும் தள்ளிப் போடலாம். அதுக்கு மேல என்னால முடியாது மேடம்."

மிருதுளாவின் பையை வாங்கிப்போக அவளுடைய அம்மா சுகந்தி ஒரு காலையில் வந்தாள். மில் வண்டியிலிருந்து இறங்கி நேரே வந்திருந்தாள். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. அவள் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். சூரத் பக்கம் போனால் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். பையை மடியில் வைத்துக்கொண்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தவளிடம், காட்டலாமா கூடாதா என்று தடுமாறி, கடைசியில் வசுமதி டேப்லெட்டைக் காட்டினாள்.

துணி மடிக்கும் கணக்கு ஒன்றைக் கொடுத்தாள். கட்டைகள் அடியிலிருந்து ஏறின. சுகந்தி ஒவ்வொன்றாக வாசித்தாள். ஆரஞ்சுக் கட்டை வந்ததும் அவள் உதடு அசைவது நின்றது.

"இதை அவ எப்பப் போட்டதுங்க?"

"அவ போட்டதில்லீங்க. இப்ப இது தானா போட்டது. அவ இருந்தா எப்படிப் போடுவாளோ அப்படிப் போடும்."

"அவ மாதிரியே யோசிக்குதுங்களா?"

"கிட்டத்தட்ட."

சுகந்தி பையைக் கீழே வைத்தாள். "இன்னொன்னு குடுங்க டீச்சர்" என்றாள்.

மறுநாளும் வந்தாள். அதற்கு அடுத்த நாளும். வேலை முடிந்து வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டியவள், பள்ளிக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்வாள். பிள்ளைகள் பழகிவிட்டார்கள். கணக்கு எப்படிக் கொடுப்பது என்று வசுமதி சொல்லிக்கொடுத்தாள். கோலம் போட, சட்டைக்குப் பித்தான் தைக்க, கடைக்குப் போய் வர. குட்டி பேசாது என்பதால் சுகந்திக்கு இருந்த ஒரே வழி ஏதாவது ஒரு வேலையைச் சொல்வதுதான். வேலையைச் சொல்வாள், கட்டைகள் ஏறும், அவள் முகத்தில் மெல்லச் சிரிப்பு வரும். பொரி வாங்கப் போகும் கணக்கில், பாதி வழியில் கோழிக்கடை நாய்க்காக ரோட்டின் எதிர்ப்பக்கம் மாறச் சொல்லி, கடைக்குப் போகும் கணக்குகளில் மிருதுளா வழக்கமாக வைக்கும் கட்டையைக் குட்டியும் வைத்தபோது வாய்விட்டே சிரித்துவிட்டாள். "அந்த நாய்க்கு அவ ரொம்பப் பயப்படுவாளுங்க டீச்சர்" என்றாள்.

நடப்பது நல்லதா கெட்டதா என்று வசுமதிக்குத் தெரியவில்லை. தலைமை ஆசிரியரிடம் சொல்லவில்லை. சுகந்தியின் கண்ணுக்குக் கீழே கருத்துக்கொண்டே வந்தது. எப்போது தூங்குகிறாள் என்று கேட்டால், "தூங்கறனுங்க" என்பாள்.

ஒருநாள் பிள்ளைகள் மதிய உணவுக்குப் போயிருந்தார்கள். சுகந்தி டேப்லெட்டை வசுமதியிடம் நீட்டினாள். "நீங்களே எழுதிக் குடுங்க டீச்சர். எனக்குக் கை வரலை."

"என்ன எழுதணும்?"

"உடம்பு சுடுது. வீட்டுல அம்மா மட்டும் இருக்கறா. என்ன செய்வேன்னு."

வசுமதி வாங்கவில்லை. "வேண்டாங்க. இது அவ இல்லை."

"தெரியுமுங்க."

"அன்னிக்கு என்ன நடந்ததுன்னு இதுக்குத் தெரியாது. இது சும்மா ஊகிக்கும். அவ்வளவுதான்."

"அவ மாதிரி ஊகிக்கும்னு நீங்கதான சொன்னீங்க."

வசுமதி எழுதினாள்.

முதலில் அடியில் ஒரு கட்டை வந்தது. 'அம்மா எழும்வரைக்கும் திரும்பச் செய்.' அதன் மேல் 'சத்தம் போடாதே.' அதன் மேல் 'போர்த்திக்கொள்.' அதன் மேல் 'தண்ணீர் குடி.' எல்லாவற்றுக்கும் மேலே, கடைசியாக, 'அம்மா தூங்குகிறாளா?'

வெளியே தட்டுகள் கழுவும் சத்தம் கேட்டது. சுகந்தி அழவில்லை.

"படுக்கறப்ப சொல்லிட்டுத்தானுங்க படுத்தேன். ஏதாச்சும்னா எழுப்பு சாமின்னு. எந்திரிச்சுப் பாக்கறப்ப பக்கத்துலயே சுருண்டு கெடந்தா. சொம்பு காலியா இருந்துச்சு. இத்தனை நாளா அதையேதான் நெனச்சுட்டிருந்தேன். கைக்கெட்டற தூரத்துல படுத்திருக்கறேன், ஏன் எழுப்பலைன்னு. என்ற மேல ஏதாச்சும் கோவமோன்னு." திரையைக் காட்டினாள். "கோவமில்லீங்க, பாருங்க."

"சுகந்தி, நான் ஒண்ணு சொல்லணும். அவ அந்தக் கட்டையை வைக்கறப்பல்லாம் நான் நல்லாருக்குன்னு சொன்னேன். எல்லாரும் பாக்க நிக்க வச்சுச் சொன்னேன்."

"நானும்தாங்க சொன்னேன். மில்லுல எல்லார்கிட்டயும் சொல்லுவேன். என்ற புள்ளை நான் தூங்கறப்ப ஒரு சத்தம் போடமாட்டா, தங்கம்னு." அவள் சேலைத் தலைப்பால் திரையைத் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றுமில்லை. "இதை மாத்த முடியுமுங்களா?"

"எதை?"

"கோளாறு வந்தா எந்த வரின்னு பாத்து மாத்தலாம்னு புள்ளைங்களுக்குச் சொல்றீங்களே. இதுல கோளாறு இருக்குதுங்க."

வேண்டாம் என்று சொல்ல வசுமதிக்கு வாய் வரவில்லை. மேலே ஒரு கட்டை சேர்ப்பது எப்படி என்று காட்டினாள். சுகந்தி 'அம்மாவை எழுப்பு' என்று எழுதி எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள். குட்டி அப்படியே செய்து காட்டியது. ஆனால் அடுத்தபடியாகக் காலில் கண்ணாடி குத்திவிட்டது என்று கணக்குக் கொடுத்தபோது, பழையபடி அடியிலிருந்து ஏறி வந்து, அம்மா தூங்குகிறாளா என்று பார்த்து, எழுப்பாமல் காலைத் துணியால் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

"ஒரு கணக்குக்குச் சொன்னா அந்தக் கணக்குக்கு மட்டும்தான் கத்துக்கும்" என்றாள் வசுமதி. "திரும்பத் திரும்பச் சொன்னாத்தான் பழக்கம் மாறும்."

"சொல்றனுங்க" என்றாள் சுகந்தி.

மார்கழி போய், தை போய், மாசி பிறந்தது. சுகந்தி தினமும் வந்தாள். இப்போது கோலமும் பித்தானும் இல்லை. அடுப்பில் கேஸ் நாற்றம் அடிக்கிறது. பல்லி விழுந்த பாலைக் குடித்துவிட்டாய். வாசலில் தெரியாத ஆள் நிற்கிறான். வயிறு வலிக்கிறது. தலை சுற்றுகிறது. மூச்சு வாங்குகிறது. ஒரு வீட்டுக்குள் ஒரு பிள்ளைக்கு வரக்கூடிய கெடுதல்களையெல்லாம் அவள் யோசித்து யோசித்துக் கொண்டுவந்தாள். ஒவ்வொன்றிலும் குட்டி சத்தமில்லாமல் இருந்துகொள்ளும். ஒவ்வொன்றிலும் அவள் மேலே ஒரு கட்டை வைப்பாள். கடைசி பெஞ்சைப் பார்க்கவே வசுமதிக்குப் பயமாக இருந்தது. ஒருநாள் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது, "எழுப்பு சாமி, எழுப்பு" என்று பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது எந்தப் பிள்ளையும் பேசவில்லை. சுகந்தி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்சம் கொஞ்சமாக மாற்றம் தெரிந்தது. சில கணக்குகளில் குட்டி தயங்கியது. பிறகு சிலவற்றில் எழுப்பியது.

பரீட்சைக்கு முன்னால், பழைய கணக்குகளை எல்லோருக்கும் மறுபடி கொடுத்தாள் வசுமதி. எறும்புக் கணக்கும் அதில் இருந்தது. சுகந்தியின் பெஞ்சைத் தாண்டிப் போகும்போது திரையைப் பார்த்தவள் நின்றுவிட்டாள். மிருதுளாவின் குட்டி எறும்பிலிருந்து தொடங்கியிருந்தது. ஒரு கட்டை, அடுத்த கட்டை, அடுத்த கட்டை, ஒன்றுவிடாமல் வரிசையாகச் சர்க்கரைவரை.

"இது..." என்றாள் வசுமதி.

"ஒரு வாரமாவே இப்படித்தானுங்க பண்ணுது" என்றாள் சுகந்தி. "நாய் இருக்கற பக்கமே நடக்குது. நானும் பாத்துட்டுத்தான் இருக்கேன்."

"அப்ப ஏங்க நிறுத்தலை?"

"இன்னும் எல்லாத்துலயும் அதைய எழுப்ப வைக்கலீங்களே."

அன்று அவள் காய்ச்சல் கணக்கை மறுபடி கொடுத்தாள். இந்தத் தடவை தானே எழுதினாள். குட்டி தயங்காமல் முதல் கட்டையை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தது. 'அம்மாவை எழுப்பு.' அதன் கீழே 'எழவில்லை என்றால் உலுக்கு.' அதன் கீழே 'எழும்வரைக்கும் கத்து.'

சுகந்தி ஒவ்வொரு கட்டையாக விரல் வைத்து வாசித்தாள்.

"உலுக்குன்னு அவ சொல்லமாட்டாளுங்க" என்றாள். "கத்துன்னும் சொல்லமாட்டா. இது பூரா நானுங்க. நானே என்னைய எழுப்பிட்டிருக்கறேன்."

அழிப்பதற்காக இர்ஷாத் வந்தபோது மூவரும் வகுப்பறையில் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் வெளியே விளையாடிக்கொண்டிருந்தார்கள். நடந்ததையெல்லாம் வசுமதி சொன்னாள். இர்ஷாத் டேப்லெட்டைத் தன் கருவியோடு இணைத்து என்னவோ பார்த்தான். பிறகு தயங்கித் தயங்கிப் பேசினான்.

"அக்கா, பழசு அப்படியே சர்வர்ல இருக்கு. பாப்பா கடைசியா தொட்ட அன்னிக்கு எப்படி இருந்ததோ அப்படியே திரும்பக் கொண்டுவரலாம். நீங்க சொல்லிக்குடுத்தது எல்லாம் போயிடும். விதிப்படி செய்யக் கூடாது. ஆனா உங்களுக்காகச் செய்யறேன். ஒரு பழைய டேப்லெட்டுல போட்டு உங்ககிட்டயே குடுத்துடறேன்."

"அப்படியேவா?"

"அப்படியே."

"அந்த நாய்க்குப் பயப்படுவாளா?"

"பயப்படுவா அக்கா."

சுகந்தி ஜன்னல் பக்கம் பார்த்தாள். வெளியே யாரோ ஒரு பிள்ளை ஒன்று இரண்டு எண்ணிக்கொண்டிருந்தது. வசுமதிக்கு, வாங்கிக்கொள் என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. வேண்டாமென்று சொல்ல வேண்டும்போலவும் இருந்தது. அந்தக் காய்ச்சல் கணக்கை மட்டும் கொடுக்காமல் இருந்தால் போதுமே, கோலமும் பொரியுமாக எத்தனை நாள் வேண்டுமானாலும் போகுமே என்று தோன்றியது.

"வேண்டாம் தம்பி" என்றாள் சுகந்தி.

"அவசரமில்லைக்கா. உங்க வீட்டுக்காரர்கிட்டக் கேட்டுட்டு..."

"வேண்டாம். வந்தா மறுபடியும் என்னைய எழுப்பமாட்டா." அவள் எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். "மறுபடியும் நான் தூங்கிட்டே இருக்கோணும்."

இர்ஷாத் வசுமதியைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். அவன் இரண்டு இடத்தில் தொட்டான். திரை வெள்ளையாகி, சற்று நேரம் வெள்ளையாகவே இருந்தது.

வசுமதி சுகந்தியோடு கேட்வரை நடந்தாள். கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சுகந்தி நின்றாள்.

"டீச்சர், உங்க வகுப்புல எத்தனை புள்ளைங்களோட அம்மா நைட் ஷிப்ட்டு போறாங்க?"

வசுமதிக்குத் தெரியவில்லை. பிள்ளைகளின் எடை தெரியும், உயரம் தெரியும், யாருடைய குட்டி எந்தப் பக்கமிருந்து யோசிக்கும் என்று தெரியும். இது தெரியவில்லை.

"கேட்டுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு சுகந்தி ரோட்டைக் கடந்து போனாள்.

மறுநாள் காலை வருகைப் பதிவு முடிந்ததும் பிள்ளைகள் வழக்கம்போல டேப்லெட்டை எடுத்தார்கள். அதை மூடி வைக்கச் சொன்னாள். அப்புறம் கேட்டாள்.

"யார் யாரோட அம்மா ராத்திரி வேலைக்குப் போயிட்டு வந்து பகல்ல தூங்குவாங்க? கையத் தூக்குங்க."

முதலில் ஜன்னல் ஓரத்தில் ஒரு கை எழுந்தது. பிறகு அதன் பக்கத்தில். பிறகு நடு வரிசையில், முதல் வரிசையில், கதவோரத்தில். பாதிக்கு மேல் கைகள். இதை யாரும் இதுவரை கேட்டதில்லை என்பதால் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவங்க தூங்கறப்ப உங்களுக்கு உடம்பு முடியலைன்னா எழுப்புவீங்கதான?"

முதல் வரிசையில் இருந்த பவிஷா மட்டும் மெதுவாகக் கேட்டாள். "பாவமில்லையா டீச்சர்?"

வசுமதி அந்தக் கைகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நேரம் போய்க்கொண்டிருந்தது. கையை இறக்கச் சொல்ல அவள் மறந்துபோனாள். பிள்ளைகள் தூக்கிய கையோடு, சத்தமே இல்லாமல், அவள் சொல்லும்வரைக்கும் காத்திருந்தார்கள்.